தியானம் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை

தியான இல்லத்தில் எட்டு நாள் மௌனத் தியானம் முடித்து வீடு திரும்புகிறவர் முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் எரிந்து விழுவது அடிக்கடி நடக்கிறது. அமைதிக்குப் பழகிய காதுக்கு வீட்டின் சத்தம் பெரிதாகக் கேட்கும். செபிக்க உட்கார்ந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால், ஆண்டவரிடமிருந்தே பிரித்து இழுத்துவிட்டதுபோல் கோபம் வரும். தியானம் வீணாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அங்கே எடுத்த தீர்மானங்களைப் பார்த்தால் காரணம் தெரியும். காலையில் சீக்கிரம் எழுவேன், தினமும் செபமாலை சொல்வேன், விவிலியம் வாசிப்பேன் என்று எல்லாமே செபத்தைப் பற்றியவையாக இருக்கும். கூட வாழ்கிற மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. தியானத்தில் நாம் தேடும் தாழ்ச்சி, அதாவது உள்ளத்தின் பணிவு, சோதிக்கப்படுவதோ அந்த மனிதர்கள் நடுவில்தான். ஆகவே தியானத்தின் முதல் நாளிலிருந்தே திரும்பிப் போகப்போகும் இடத்தையும் ஆட்களையும் கண்முன் வைத்துக்கொண்டு செபிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனை நாள் தியானம் என்ற கேள்வியில் பலர் தேவையில்லாமல் குழம்புகிறார்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தொடங்கிய அனுபவத்திலிருந்து எழுதி, 1548 ஜூலை 31-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' முழு வடிவில் ஏறத்தாழ 30 நாள், நான்கு வாரங்களாகப் பிரிந்தது. அதில் ஒரு நாளைக்கு ஐந்து செப வேளைகள். எட்டு நாள் தியானத்தில் இன்று பெரும்பாலும் நான்கு வேளைகள் தருகிறார்கள். வேலையையும் குடும்பத்தையும் விட்டு வர முடியாதவர்களை இஞ்ஞாசியாரே மறக்கவில்லை. அந்த நூலின் தொடக்கத்தில் எண்ணிட்டு வரும் முன்குறிப்புகளில் 19-ஆவது அவர்களுக்காக எழுதப்பட்டது: நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அன்றாட வாழ்விலேயே முழுப் பயிற்சியையும் பல மாதங்களில் செய்து முடிக்கலாம். தாழ்ச்சியைத் தேடி வருகிறவருக்கு இந்த வழி குறைந்ததல்ல. காலையில் செபித்ததை மாலைக்குள் அலுவலகத்திலோ அடுக்களையிலோ உரைத்துப் பார்க்க முடிகிறது.

முதல் முறை வருகிறவருக்கு மூன்று நாள் போதும். ஆனால் அதில் முதல் நாள் உடம்புக்குப் போய்விடும் என்று எதிர்பார்த்தே வாருங்கள். பல மாதத் தூக்கக் கடனோடு வந்தவர் முதல் செப வேளையில் தூங்கிவிடுவார். தூங்கியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வார். அந்தத் திட்டிலேயே இரண்டாம் வேளையும் போய்விடும். முதல் நாள் மதியம் நன்றாகத் தூங்கி எழுவது அருள்வாழ்வுக்கு எதிரானதல்ல. "நீங்கள் பாலைநிலத்திலுள்ள தனிமையான ஓர் இடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுங்கள்" என்று மாற்கு 6:31-இல் ஆண்டவர் சொல்வது களைத்துத் திரும்பிய சீடர்களிடம். மருந்து சாப்பிடுகிறவர்கள் தியானத்துக்காக அதை நிறுத்தக் கூடாது. கடும் மனச்சோர்விலோ அண்மைய இழப்பிலோ இருப்பவர்கள் பதிவு செய்யும்போதே தியானத்தை நடத்தும் வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். நீண்ட மௌனம் எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் ஏற்றதல்ல.

இனி ஒரு செப வேளை. தியானம் நன்றாக அமைவதும் அமையாததும் இங்கேதான் முடிவாகிறது.

முந்தின இரவே இறைவார்த்தைப் பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேல் வேண்டாம். படுக்கையில் சாய்ந்த பின், ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம், எத்தனை மணிக்கு எழுவேன், எதைச் செபிப்பேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால், இயேசு கற்பித்த செபமான பரலோக மந்திரத்தை ஒருமுறை சொல்லும் நேரம் நில்லுங்கள். ஆண்டவர் உங்களைப் பார்க்கிறார் என்பதை நினைத்து, தலைவணங்கி, பிறகு உட்காருங்கள் அல்லது முழந்தாளிடுங்கள். எந்த நிலையில் செபம் கைகூடுகிறதோ அந்த நிலையை மாற்றாதீர்கள். அடுத்து, வேண்டிய அருளைச் சொல்லிக் கேளுங்கள். "எனக்குத் தாழ்ச்சி தாரும்" என்பது மிகவும் பொதுவானது. "யாருடைய பாராட்டுக்காக நான் ஏங்குகிறேன் என்று எனக்குக் காட்டும்" என்பது வேண்டுதல். கேட்டது குறிப்பாக இருந்தால்தான் கிடைத்ததா என்று பின்னால் தெரியும்.

பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசித்துவிட்டு, உள்ளம் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அங்கேயே நில்லுங்கள். மிச்சத்தை முடிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நிறைய அறிவதில் ஆன்மா நிறைவடைவதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதில்தான் நிறைவடைகிறது என்று இரண்டாம் முன்குறிப்பு சொல்வது இதற்காகத்தான். கடைசியில் நண்பர் நண்பரோடு பேசுவதுபோல் ஆண்டவரோடு பேசி, ஒரு பரலோக மந்திரத்தோடு முடியுங்கள். ஒரு மணி என்று வைத்தால் ஒரு மணி. சலிப்பு வந்தால் இன்னும் ஓரிரு நிமிடம் கூடுதலாக இருக்கச் சொல்கிறது 13-ஆம் முன்குறிப்பு. சலிப்புக்குப் பணிந்து ஐந்து நிமிடம் முன்னதாக எழுந்தவர் அடுத்த வேளையில் பதினைந்து நிமிடம் முன்னதாக எழுவார்.

முடிந்ததும் கால் மணி நேர மீள்பார்வை உண்டு. பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். இடத்தை மாற்றி, உட்கார்ந்தோ நடந்தோ, என்ன நடந்தது என்று பாருங்கள்: எங்கே மனம் இளகியது, எங்கே வறண்டது, எதைத் தொட்டதும் எரிச்சல் வந்தது. நான்கு வரி எழுதினால் போதும். எரிச்சல் வந்த இடத்தைத் தவறாமல் குறியுங்கள். தாழ்ச்சியைப் பொறுத்தவரை ஆறுதல் வந்த இடத்தைவிட அதிகம் சொல்வது அதுதான். லூக்கா 14-இல் பந்தியில் கடைசி இடம் பற்றிய பகுதியைச் செபிக்கும்போது ஒரு சக ஊழியரின் முகம் வந்து கோபம் மூண்டால், அதைக் கவனச்சிதறல் என்று தள்ளிவிடக் கூடாது. கேட்ட அருள் அந்த முகத்தின் வழியாகத்தான் வந்திருக்கிறது. அடுத்த வேளையில் அதே பகுதியை மறுபடி எடுங்கள். இஞ்ஞாசியார் புதுப் பகுதிகளை அடுக்குவதைவிட இந்த மறுசெபத்தையே அதிகம் வலியுறுத்துகிறார். எட்டு நாளில் முப்பது பகுதிகளை ஓடி முடித்தவரைவிடப் பத்துப் பகுதிகளில் தங்கியவர் அதிகம் பெற்றுப் போகிறார்.

தாழ்ச்சிக்கென்று பகுதி தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது திருப்பாடல் 131. மூன்றே வசனம். அதன்பின் யோவான் 13:1-17, பாதம் கழுவுதல். இதில் சீடர்களின் பாதங்களை நாம் கழுவுவதாகவே எல்லாரும் கற்பனை செய்கிறார்கள். பேதுருவின் இடத்தில் உட்கார்ந்து, நம் பாதத்தை ஆண்டவர் கையில் கொடுத்துப் பாருங்கள். சேவை செய்வது பலருக்கு எளிது. சேவை பெறுவதுதான் கூசுகிறது. பிறகு லூக்கா 18:9-14, பரிசேயரும் வரிதண்டுபவரும். இங்கே ஓர் எச்சரிக்கை. "நான் அந்தப் பரிசேயரைப் போல் இல்லை" என்று நன்றி சொல்லிக்கொண்டு எழுந்தால், மற்றவர்களைப் போல் நான் இல்லை என்று அவர் செய்த செபத்தையே நாமும் செய்திருக்கிறோம். பிலிப்பியர் 2:5-11-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அதைத் தன்னைப் பற்றிய ஆராய்ச்சியாக்காமல் கிறிஸ்துவை மட்டும் பார்த்துச் செபிக்க வேண்டும். தாழ்ச்சியைப் பற்றியே நாளெல்லாம் யோசிப்பது தன்னைப் பற்றியே யோசிப்பதில்தான் போய் முடியும்.

கெடுப்பவை எவை என்பதும் தெரிந்ததுதான். கைப்பேசியை அணைத்து அறையில் வைப்பது போதாது. பொறுப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அவசரத்துக்குத் தியான இல்லத்தின் எண்ணை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். ஆன்மிக நூல்கள் நான்கைந்தைச் சுமந்து வருவது இன்னொரு தப்பித்தல். செபம் வறண்டதும் கை புத்தகத்துக்குப் போகும், அங்கே கிடைக்கும் நல்ல கருத்து செபத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மறைக்கல்வி ஆசிரியர்கள், துறவிகள், அருள்பணியாளர்கள் ஆகியோருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு: ஏதாவது மனத்தைத் தொட்டதும், "இதை அடுத்த மறையுரையில் சொல்ல வேண்டும்" என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவது. அந்த நொடியிலேயே ஆண்டவர் தனக்குச் சொன்னது பிறருக்கான பாடமாகிவிடுகிறது. அப்படி எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிட வேண்டும். உண்மையிலேயே தேவையான கருத்து என்றால் மறக்காது.

வழிகாட்டியோடு நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரம் போல, பேச்சு இருக்கும். அங்கே வாழ்க்கைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. நேற்றைய செபத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல முயலாதீர்கள். "ஒன்றுமே நடக்கவில்லை, இரண்டு வேளை தூங்கிவிட்டேன்" என்பது வழிகாட்டிக்கு மிகவும் பயனுள்ள தகவல். நேரத்தையும் தூக்கத்தையும் செபிக்கும் முறையையும் அவர் சரிபார்ப்பார். புனித பெனடிக்ட் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கின் 7-ஆம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகளை வகுத்தார். அவற்றில் ஐந்தாவது, உள்ளத்தில் எழும் தீய எண்ணங்களை மறைக்காமல் ஆதீனத் தலைவரிடம் திறந்து சொல்வது. தலை தாழ்த்தி, பணிவான தோற்றத்தோடு நடப்பதோ பன்னிரண்டாவது, கடைசிப் படி. நாம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான் தொடங்குகிறோம்: தணிந்த குரல், கூப்பிய கை, "நான் ஒன்றுமில்லாதவன்" என்ற பேச்சு. உள்ளே இருப்பதை ஒருவரிடம் உள்ளபடி சொல்வது அதைவிடக் கடினம். அதனால்தான் அது முன்னதாக வருகிறது. வழிகாட்டியோடு பேசுவது ஒப்புரவு அருள்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று நாள் தியானத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டாம் நாள் மாலை நல்ல நேரம். முதல் நாள் அவசரமாகச் செய்தால் பட்டியல் ஒப்பிப்பதாகிவிடும். கடைசி நாள் வைத்தால் வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

வறட்சி வரும், பெரும்பாலும் தியானத்தின் நடுப்பகுதியில். அப்போது முன்பு எடுத்த முடிவு எதையும் மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியார் தந்த தெளிவான விதி. பலர் கவனிக்காத இன்னொரு விதி 14-ஆம் முன்குறிப்பில் இருக்கிறது. ஆறுதல் பொங்கும் நேரத்திலும் அவசரப்பட்டு வாக்குறுதி கொடுக்கக் கூடாது. கண்ணீரோடு நற்கருணை ஆராதனையில் அமர்ந்திருக்கும் இரவில், இனி ஒருநாளும் கோபப்பட மாட்டேன், எல்லாவற்றையும் பகிர்ந்து கொடுத்துவிடுவேன் என்று ஆண்டவரிடம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். இரண்டு நாள் விட்டு, வறண்ட ஒரு காலைப்பொழுதிலும் அதே எண்ணம் நிற்கிறதா என்று பார்த்து, வழிகாட்டியிடம் பேசிய பின் தீர்மானியுங்கள். பயிற்சிகளில் வரும் மூன்று வகைத் தாழ்ச்சிக்கும் இது பொருந்தும். முதலாவது, எதற்காகவும் சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளின் உறவை முறிக்கும் பெரும் பாவத்துக்கு, இணங்காதிருப்பது. இரண்டாவது, செல்வமோ வறுமையோ, மதிப்போ அவமதிப்போ, கடவுளின் மகிமைக்கு ஒன்றுதான் என்றால் எதையும் சாராத மனநிலையோடு நின்று, அற்பப் பாவத்துக்கும் இணங்காதிருப்பது. மூன்றாவது, கிறிஸ்துவோடு ஒத்திருக்கும் அன்பினால் வறுமையையும் அவமதிப்பையும் விரும்பித் தேர்வது. மூன்றாவதைக் கேட்டதும் உள்ளம் பற்றிக்கொள்கிறது. ஆனால் அது வேண்டிப் பெற வேண்டிய அருள். அவமானத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளும் பயிற்சியல்ல.

தீர்மானம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதில் ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு செயல் இருக்க வேண்டும். "இனி பணிவாக இருப்பேன்" என்பதை இரவில் எப்படிச் சரிபார்ப்பது? "வேலையில் என் பிழையை யாராவது சுட்டிக்காட்டும்போது, விளக்கம் சொல்லாமல் முதலில் 'சரி, பார்க்கிறேன்' என்று மட்டும் சொல்வேன்" என்றால் சரிபார்க்க முடியும். "சாப்பாட்டு நேரத்தில் பேச்சை என் பக்கம் திருப்ப மாட்டேன்", "நான் செய்த உதவியை மூன்றாம் ஆளிடம் சொல்ல மாட்டேன்" என்பவையும் அப்படித்தான். கடைசியில் சொன்னது, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3-ஐ அப்படியே நடைமுறைப்படுத்துவது. எந்தத் தீர்மானம் என்று தெரியாமல் தவிப்பவர்கள் மீள்பார்வைக் குறிப்புகளைப் புரட்டட்டும். எரிச்சல் திரும்பத் திரும்ப வந்த இடத்தில் அது காத்திருக்கும்.

இதைத் தொடர்வதற்கு இஞ்ஞாசியார் தந்த கருவிதான் தனிப்பட்ட ஆன்ம ஆய்வு. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு நாளில் மூன்று வேளை. எழுந்ததும் அதைத் தவிர்ப்பேன் என்ற உறுதி. மதிய உணவுக்குப் பின், எழுந்ததிலிருந்து மணி மணியாகப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோட்டில் ஒரு புள்ளி. இரவு உணவுக்குப் பின் இரண்டாம் கோட்டில் மறுபடி. விழுந்த உடனே கையை நெஞ்சில் வைத்து வருந்தச் சொல்கிறார். கூட்டத்தில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். பின்பு முதல் கோட்டை இரண்டாவதோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். முதல் வாரத்தில் புள்ளிகள் கூடினால் கலங்க வேண்டாம். குறை பெருகவில்லை, கண் திறந்திருக்கிறது.

இரவில் செய்யும் பொது ஆன்ம ஆய்வு இதிலிருந்து வேறு. அதற்கு ஐந்து கட்டம்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பாவத்தை அறிந்து விலக்க அருள் கேட்டல், நாளை மணி மணியாகப் பார்த்தல், மன்னிப்பு வேண்டுதல், திருந்த உறுதி. நன்றியைத் தாண்டி நேரே மூன்றாவதற்குப் போகிறவர்கள் சில வாரங்களில் ஆய்வையே வெறுத்துவிடுகிறார்கள். "நீ பெற்றுக்கொள்ளாதது எது?" என்று 1 கொரிந்தியர் 4:7 கேட்கும் கேள்வியோடு தொடங்கினால், நன்றியே தாழ்ச்சியின் முதல் செயலாகிவிடும். பத்து நிமிடம் போதும். நுணுக்கிப் பார்த்துச் சின்னச் சின்ன எண்ணத்தையெல்லாம் பாவம் என்று அஞ்சி உழல்கிறவர்கள் புள்ளி வைக்கும் முறையைத் தொடவே வேண்டாம். ஒரே ஆன்ம குருவிடம் போய், அவர் சொல்வதற்குக் கீழ்ப்படிவதே அவர்களுக்குத் தாழ்ச்சி.

சாதாரண நாளில் புனிதம் எப்படி இருக்கும் என்பதற்கு பிரான்சின் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் 24 வயதில் இறந்த குழந்தை இயேசுவின் புனித தெரேசா (1873–1897) எழுதிவைத்த சிறு நிகழ்ச்சிகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. துணி துவைக்கும்போது எதிரே இருந்த சகோதரி அழுக்குத் தண்ணீரை முகத்தில் தெறிக்கவிடுவார். பின்வாங்கி, முகத்தைத் துடைத்து, பார்த்துத் துவையுங்கள் என்று உணர்த்தத்தான் முதலில் தோன்றியது. தெரேசா அதைச் செய்யவில்லை. மாலைச் செபத்தில் பின்னால் ஒருவர் ஓயாமல் மெல்லிய சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். திரும்பவில்லை. அந்தச் சத்தத்தையே இசைபோல் கேட்டு ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். இவற்றில் வெளியே தெரியும்படி எதுவுமே நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2018 மார்ச் 19-இல் கையெழுத்திட்ட, புனிதத்துவம் பற்றிய ஊக்கவுரையில், கடைக்குப் போகும் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். வழியில் அண்டைவீட்டாரோடு பேச்சு தொடங்கிப் புறணியாகிறது. யாரைப் பற்றியும் தவறாகப் பேச மாட்டேன் என்று அவள் உள்ளுக்குள் முடிவெடுக்கிறாள். வீட்டில் பிள்ளை தன் கனவுகளைச் சொல்ல வருகிறது. களைப்போடு உட்கார்ந்து கேட்கிறாள். புனிதத்துவத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் ஐந்தாம் அதிகாரத்தில் சொன்னதற்கு, இது அடுக்களை வரை வந்த விளக்கம்.

தவறான தாழ்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்றார் ஸ்பெயின் நாட்டுப் புனிதரான அவிலா தெரேசா. நன்றாகப் பாடத் தெரிந்தவர் "எனக்கு வராது" என்று மறுப்பது உண்மையுமல்ல, தாழ்ச்சியுமல்ல. பத்துப் பேர் வற்புறுத்த வேண்டும் என்ற ஆசை பல நேரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேட்டால் பாடிவிட்டு, பாராட்டினால் "நன்றி" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வது போதும். பொறுப்பில் இருப்பவர் தாழ்ச்சி என்று நினைத்து முடிவெடுக்காமல் நழுவினால் சுமை கீழே இருப்பவர் தலையில் விழுகிறது. இவற்றைவிடக் கொடியது, அடியும் அவமதிப்பும் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "தாழ்ச்சியோடு பொறுத்துக்கொள்" என்று சொல்வது. தன் தோளில் தான் எடுக்கும் சிலுவை ஒன்று. பிறர் பாவத்தை மூடி வைக்கும் மௌனம் வேறு. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் தியானத்தில் அதை வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். வழிகாட்டியும் முதலில் அவருடைய பாதுகாப்பைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வீடு திரும்பும் நாளுக்குச் சில ஏற்பாடுகள். முடிந்தால் வேலைக்குப் போகும் முன் அரை நாள் இடைவெளி விடுங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வீட்டு வேலையைச் சுமந்தவர் யாரோ, அவருக்கு அன்று ஓய்வு கொடுங்கள். தியானத்தில் நடந்ததை விரிவாகச் சொல்லாதீர்கள்; கேட்டால் இரண்டு வாக்கியம். குடும்பத்தாரையும் உடனே அந்த வழிக்குக் கொண்டுவரும் முயற்சி முதல் மாதத்தில் வேண்டாம். எட்டு நாள் வேளைக்கு ஒரு மணி நேரம் செபித்தவர் வீட்டில் அதே ஒரு மணியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தால், பத்து நாளில் அது உடைந்து, செபமே நின்றுவிடும். இருபது நிமிடத்தில் தொடங்குங்கள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். அந்த இருபது நிமிடத்தில் குழந்தை அழுதாலோ நோயாளி கூப்பிட்டாலோ எழுந்து போங்கள். மயோர்க்காத் தீவில் ஓர் இயேசு சபைக் கல்லூரியின் வாயிற்காவலராக நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த புனித அல்போன்ஸ் ரொட்ரிகஸ், மணி அடிக்கும்போதெல்லாம் ஆண்டவரே வாசலில் நிற்பதாக எண்ணிக் கதவைத் திறந்தார். திரும்பி வந்து மிச்சத்தை முடிக்க நேரமிருந்தால் முடியுங்கள், இல்லையென்றால் மறுநாள்.

ஒரு மாதம் கழித்து வழிகாட்டியைச் சந்திக்கத் தேதியைத் தியான இல்லத்திலிருந்து கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானம் இடையில் விட்டுப்போயிருந்தால் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டாம். அதே தீர்மானத்தை, அதே ஆளிடம், அதே நேரத்துக்கு, மறுநாள் காலையிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.